காசு கொடுத்தவனும் கைவேலை செய்தவர்களும்

அன்புள்ள வாசகருக்கு,

இடைக்கால ஐரோப்பிய அரசர்களின் கலைப்பணி பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுக் காரசாரமாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். அரசன் காசைக் கொடுத்தான், அவ்வளவுதான். பாடுபட்டவர்கள் வேறு ஆட்கள். அந்தக் காசும் ஊராரிடம் வசூலித்த வரி. தன் பெருமையைத் தானே பறைசாற்றிக்கொள்ளச் செய்த செலவுக்குக் ‘கலைப் புரவலன்’ என்று பட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் உங்களுக்கும் திருப்தி வராது, எனக்கும் வராது. அதனால் ஒரே ஓர் அரசனை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர். 1095இல் பிறந்தவன், 1154இல் மறைந்தவன், பலெர்மோவைத் தலைநகராகக் கொண்டவன். நீங்கள் சொல்வதற்கும் நான் சொல்ல வருவதற்கும் இவன் ஒருவனிடமே வேண்டிய ஆதாரம் இருக்கிறது.

வியன்னாவில் ஹோஃப்பர்க் அரண்மனைக் கருவூலத்தில் ஒரு மேலங்கி இருக்கிறது. ரோஜருக்காகப் பலெர்மோ அரண்மனைப் பட்டறையில் செய்தது. அரைவட்ட வடிவம், விரித்துப் போட்டால் நேர் விளிம்பு மூன்று மீட்டரைத் தாண்டும். செக்கச்சிவந்த பட்டு, அதன்மேல் தங்கச் சரிகை வேலை. போட்டுக்கொண்டவனின் முதுகுத்தண்டுக்கு நேராக வரும்படி நடுவில் ஒரு பேரீச்ச மரம். மரத்துக்கு இருபுறமும் ஒரே காட்சி, இடம் வலம் மாறி: ஒரு சிங்கம் ஒட்டகத்தின் மேலேறி அதை அமுக்கி நிற்கிறது. ஒட்டகம் கால் மடங்கிக் கிடக்கிறது. சிங்கத்தின் தோளிலும் தொடையிலும் தசை திரளும் இடங்களை வளைவும் சுழியுமாகப் பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள். உருவங்களின் ஓரமெல்லாம் முத்து வரிசை. சரிகையைத் துணியின்மேல் படுக்கவைத்து, மெல்லிய நூலால் இடைவிடாமல் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். இத்தனை பரப்பை இப்படி நிரப்ப எத்தனை பேர் எத்தனை காலம் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தையல் வேலை தெரிந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

வளைந்த விளிம்பு நெடுக ஓர் எழுத்து வரிசை ஓடுகிறது. அரபு மொழி, கூஃபி எழுத்து. அரசனுக்கு எல்லா நலமும் பெருகட்டும், அவனுடைய பகலும் இரவும் குறையில்லாமல் கழியட்டும் என்ற வாழ்த்து. கூடவே செய்த இடமும் காலமும்: சிசிலியின் தலைநகரம், ஆண்டு 528. அது ஹிஜ்ரி ஆண்டு, கி.பி. கணக்கில் 1133-34. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1130ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில், பலெர்மோ பேராலயத்தில் முடிசூடிய கிறிஸ்தவ அரசன், நபிகளின் ஹிஜ்ரத்திலிருந்து எண்ணிய ஆண்டைத் தன் உடையில் பொறிக்கச் சொல்லி அணிந்திருக்கிறான். இந்த அங்கி பிற்பாடு அவன் மகள் கான்ஸ்டன்ஸ் வழியாக ஜெர்மன் அரச குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புனித ரோமப் பேரரசர்களின் முடிசூட்டு உடையாகவே ஆகி, பதினெட்டாம் நூற்றாண்டுவரை பயன்பட்டது.

ஏன் அரபு என்ற கேள்விக்குப் பதில் தேடினால் உங்கள் ‘பெருமை பறைசாற்றல்’ வாதம் முழுக்கச் சரி என்று ஆகிவிடும். ரோஜரின் தாத்தா தாங்க்ரெட், பிரான்சின் நார்மண்டியில் ஒரு சிறு நிலக்கிழார். பிள்ளைகள் ஏராளம், நிலம் கொஞ்சம். பிள்ளைகள் வாளைத் தூக்கிக்கொண்டு தெற்கு இத்தாலிக்குக் கூலிப்படையாகப் போனார்கள். அவர்களில் இருவர், ராபர்ட் கிஸ்கார்டும் ரோஜரின் தந்தை முதலாம் ரோஜரும், 1072இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1091இல் தீவு முழுவதும் கைக்கு வந்தது. வந்த இடத்தில் பார்த்தால், ஒன்பதாம் நூற்றாண்டு முதல் அரபு ஆட்சியில் செழித்த ஊர். நீர்ப்பாசனம், தோட்டம், பட்டறை, கணக்கு அலுவலகம் எல்லாம் அரபு மொழியில் நடந்தன. அதற்கும் முன்னாலிருந்தே கிரேக்கம் பேசும் கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள். யூதர்களும் இருந்தார்கள். புதிதாக வந்த லத்தீன்காரர்கள் சிறு கூட்டம்.

மகன் ரோஜருக்கு ராஜா பட்டம் கிடைத்த விதமும் கொஞ்சம் வில்லங்கமானது. 1130இல் ரோமில் இரண்டு போப்பாண்டவர்கள் ஒரே நேரத்தில் உரிமை கொண்டாடினார்கள். அதில் ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒப்புக்கொள்ளாத அனக்லேட்டஸ் கொடுத்த பட்டம் ரோஜருடையது. கிளேர்வோ மடத்துப் பெர்னார்ட் போன்ற செல்வாக்குள்ள துறவி அவனை அபகரித்தவன் என்றே பேசினார். மற்ற போப்பான இரண்டாம் இன்னசென்ட், 1139இல் ரோஜரின் படையிடம் கைதியாகச் சிக்கிய பிறகுதான் பட்டத்தை ஒப்புக்கொண்டார். பரம்பரைப் பெருமை இல்லை, மதத்தலைமையின் முழு ஒப்புதல் இல்லை, குடிமக்களில் பாதிக்கு மேல் வேற்று மதம், வேற்று மொழி. இப்படிப்பட்டவன் தன்னை ராஜா என்று எல்லோர் கண்ணுக்கும் காட்டியாக வேண்டும். ஒவ்வொரு மக்களுக்கும் ராஜா என்றால் எப்படி இருப்பான் என்று ஒரு பழகிய தோற்றம் உண்டு. அத்தனை தோற்றங்களையும் அவன் எடுத்துக்கொண்டான்.

பலெர்மோவில் மார்தொரானா என்ற சிறு தேவாலயம். அவனுடைய கப்பற்படைத் தலைவர், அந்தியோக்கியாவைச் சேர்ந்த கிரேக்கக் கிறிஸ்தவர் ஜார்ஜ், கட்டியது. அதன் சுவரில் கிறிஸ்து தன் கையாலேயே ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக் சித்திரம் இருக்கிறது. உடை பைசாந்தியப் பேரரசரின் உடை. தலைக்கு மேலே அவன் பெயரும் பட்டமும் கிரேக்க எழுத்தில். ஆனால் பட்டம் லத்தீன் சொல். இடையில் போப்புக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே அரசனின் தங்க நாணயங்களில் அரபு எழுத்து, ‘அல்முஅதஸ் பில்லாஹ்’ என்ற அரபுப் பட்டம். கெய்ரோவின் ஃபாத்திமித் கலீபாவோடு கடிதப் போக்குவரத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அல் அஸீர், ரோஜர் தன் அவையில் முஸ்லிம் அரசர்களின் முறைப்படி அதிகாரிகளை வைத்துக்கொண்டான், முறையிட வந்தவர்களுக்குத் தனி நீதிமன்றம் வைத்துத் தன் மகனுக்கு எதிராகக்கூடத் தீர்ப்பு வழங்கினான் என்று எழுதுகிறார்.

1142இல் அரண்மனையில் ஒரு நீர்க்கடிகாரம் வைத்தார்கள். கடிகாரம் போய்விட்டது, அதற்காகப் பொறித்த பளிங்குக் கல் மட்டும் இருக்கிறது. லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் செய்தி. ஆண்டும் மூன்று கணக்கில்: லத்தீனில் 1142, கிரேக்கத்தில் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6650, அரபில் ஹிஜ்ரி 536. ஒன்றின் மொழிபெயர்ப்பாக மற்றொன்றை எழுதவில்லை. ஒவ்வொன்றிலும் அந்தந்த மொழியில் அரசனை எப்படிப் புகழ்வார்களோ அந்த நடை.

இந்தப் பழக்கம் அரசனோடு நிற்கவில்லை என்பதற்கு ஒரு கல்லறைப் பலகை சாட்சி. கிரிசாந்தஸ் என்ற அரண்மனைப் பாதிரியார், 1148இல் இறந்த தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. நான்கு பக்கமும் நான்கு எழுத்து: எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழி, லத்தீன், கிரேக்கம், அரபு. யூத ஆண்டு, கிறிஸ்தவ ஆண்டு, பைசாந்திய ஆண்டு, ஹிஜ்ரி ஆண்டு. ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்குத் தன் தாயின் மரணத்தை ஊரில் உள்ள அத்தனை பேரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இதில் அரசியல் ஆதாயம் ஏதும் அவருக்கு இருந்திருக்காது. அரசன் அரசியலுக்காகத் தொடங்கிய வழக்கம் இருபது ஆண்டுக்குள் ஒரு மகனின் துக்கத்தைச் சொல்லும் வழியாகவும் ஆகியிருக்கிறது. அரசனின் உள்நோக்கத்தை மட்டும் வைத்துக் கலையை எடை போடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் அரண்மனைத் தேவாலயம், கப்பெல்லா பலத்தினா. 1140இல் அதற்கு மானிய சாசனம் எழுதப்பட்டது. குவிமாடத்தின் கிரேக்க எழுத்தில் 1143 என்ற ஆண்டு இருக்கிறது. குவிமாடத்தில் கிறிஸ்துவும் சுற்றிலும் தேவதூதர்களும், பைசாந்திய மொசைக் வேலை. தரையில் பல நிறப் பளிங்குத் துண்டுகளை இழைத்த கோலங்கள். இவை இரண்டும் அக்காலக் கிறிஸ்தவ உலகத்துக்குப் பழக்கமானவையே. தலையைத் தூக்கி நடு மண்டபத்தின் கூரையைப் பார்த்தால்தான் திகைத்துப்போவோம். அது மரக்கூரை. மெல்லிய பலகைத் துண்டுகளைக் கூடுகூடாக, ஒன்றன்மேல் ஒன்று தொங்கும்படி பொருத்தி, இடையிடையே நட்சத்திரப் பள்ளங்கள் வைத்து இறக்கியிருக்கிறார்கள். அரபு உலகின் மசூதிகளுக்கும் மாளிகைகளுக்கும் உரிய இந்த வேலைக்கு முகர்னாஸ் என்று பெயர். பூசி வழித்து, அதன்மேல் நூற்றுக்கணக்கான சித்திரங்கள். ஃபாத்திமித் எகிப்தின் கைவண்ணம் அப்படியே தெரிகிறது.

என்ன வரைந்திருக்கிறார்கள்? புனிதர்கள் யாரும் இல்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து கையில் கிண்ணம் ஏந்திய அரசன், இருபுறமும் பணியாட்கள். குழல் ஊதுகிறவர்கள், ஊது என்ற நரம்புக் கருவி வாசிக்கிறவர்கள், கைவீசி ஆடும் பெண்கள், பல்லக்கு கட்டிய ஒட்டகங்கள், யானைகள், மல்லர்கள். சதுரங்கப் பலகையின் இரு பக்கமும் உட்கார்ந்து யோசிக்கும் இரண்டு பேர். நட்சத்திரங்களைச் சுற்றி அரபு எழுத்தில் நல்வாழ்த்துச் சொற்கள். மண்டபத்தின் மேற்குக் கோடியில் அரசன் அமரும் மேடை; ஒரு பக்கம் பூசை, மறுபக்கம் தர்பார். கூரை தர்பாருக்கான கூரை. செராமியைச் சேர்ந்த பிலகாத்தோஸ் என்ற துறவி, அரசன் முன்னால் கிரேக்கத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். அதில் இந்தக் கூரையைப் பார்த்து அவர் மலைத்துப்போய்ப் பேசுகிறார். வானத்து நட்சத்திரக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறார். வேற்று மதத்தாரின் வேலை தேவாலயத்தில் எதற்கு என்ற முணுமுணுப்பு அவர் பேச்சில் இல்லை.

இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். தரையில் நின்று பார்க்கிறவருக்கு அந்தக் கூரையில் பொன்னிறமும் நிழலும் மாறிமாறித் தெரியுமே தவிர, அந்தச் சித்திரங்களில் பெரும்பாலானவை கண்ணுக்குப் பிடிபடாது. அவ்வளவு உயரம், அவ்வளவு சிறியவை, போதாக்குறைக்குக் கூடுகளின் உட்புறத்தில் இருக்கின்றன. பெருமையடிக்க மட்டும் வேண்டுமென்றால் எட்டிப் பார்த்தாலும் தெரியாத இடத்தில் குழல்காரனின் கன்ன உப்பலை வரையத் தேவையில்லை. அந்த ஓவியர்கள், தங்கள் தொழில் கேட்ட அளவுக்கு வேலை செய்திருக்கிறார்கள். அரசன் கேட்ட அளவோடு நிறுத்தவில்லை. இது உங்கள் பக்கத்துக்கு வலு சேர்க்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். கூரையைப் பொறுத்தவரை புகழ் முழுவதும் அவர்களுக்கே போகட்டும். ரோஜருக்கு அதில் உள்ள பங்கு, அவர்களை அவர்கள் போக்கில் செய்யவிட்டது. அதுவும் எல்லா அரசர்களுக்கும் வாய்க்கிற குணமில்லை.

ஆனால் ரோஜர் காசு மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிய ஆளா? இதற்குத்தான் அல் இத்ரீசியின் கதையைச் சொல்ல வேண்டும். இத்ரீசி வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஓர் அரச வம்சத்தில் வந்தவர். நபிகளின் வழித்தோன்றல் என்று மதிக்கப்பட்டவர். 1138 வாக்கில் பலெர்மோ வந்தார். ரோஜருக்கு உலகத்தின் வடிவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. பழைய நூல்களை வரவழைத்துப் பார்த்தான், ஒன்றுக்கொன்று முரண். அறிஞர்களைக் கூப்பிட்டுக் கேட்டான். நூலில் இருப்பதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. பிறகு ஊர் ஊராகப் போய்வந்த பயணிகளை அழைத்து வரச் சொல்லி, தனித்தனியாகவும் சேர்த்துவைத்தும் விசாரித்தார்கள். பலர் சொன்னது ஒத்துப்போனால் எடுத்துக்கொண்டார்கள், ஒத்துப்போகாததைத் தள்ளினார்கள். இந்த விசாரணை 15 ஆண்டு நடந்தது என்று இத்ரீசியே முன்னுரையில் எழுதுகிறார். அதன் பிறகு ஒரு வரைபலகையில் இரும்புக் கவராயம் வைத்து ஒவ்வோர் இடத்தையும் அளந்து குறித்து, கடைசியில் 400 ராத்தல் எடையுள்ள வெள்ளித் தகட்டில் உலகப் படத்தைச் செதுக்கினார்கள். இன்றைய எடையில் நூறு கிலோவுக்கு மேல்.

படத்துக்கு விளக்கமாக எழுதிய நூலில் உலகம் ஏழு மண்டலங்கள், மண்டலத்துக்குப் பத்துப் பகுதிகள், மொத்தம் 70 வரைபடங்கள். அரபு வழக்கப்படி தெற்குத் திசை மேலே இருக்கும். இங்கிலாந்தில் குளிர்காலம் ஓய்வதே இல்லை என்று எழுதியிருக்கிறார். பலெர்மோவுக்குப் பக்கத்தில் திராபியா என்ற ஊரில் மாவைச் சேமியா மாதிரி இழை இழையாகச் செய்து கப்பலேற்றி அனுப்புகிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. இத்தாலியர்களின் பாஸ்தா வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் இந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் பக்கத்து விஷயத்தில் அவருக்குக் கிடைத்த தகவல் கொஞ்சம் மோசம். இந்தியத் தீபகற்பமே படத்தில் துருத்தி நிற்கவில்லை. சரந்தீப் என்ற இலங்கை மட்டும் பிரமாண்டமாக இருக்கிறது.

அந்த இலங்கையைப் பற்றி அவர் எழுதிய ஒன்று என்னை நெடுநாளாக விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. சரந்தீப் அரசனுக்கு 16 ஆலோசகர்கள். நான்கு பேர் அவன் நாட்டு மதத்தினர், நான்கு பேர் கிறிஸ்தவர்கள், நான்கு பேர் முஸ்லிம்கள், நான்கு பேர் யூதர்கள் என்கிறார். நூல் முடிந்தபோது பொலனறுவையில் முதலாம் பராக்கிரமபாகு ஆட்சிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பொலனறுவை அவை அப்படி இருந்ததா என்பதல்ல எனக்கு முக்கியம். பலெர்மோவில் உட்கார்ந்து பயணிகள் வாயைக் கிளறிக்கொண்டிருந்தவர்களுக்கு, உலகின் மறுகோடியில் ஒரு நல்ல அரசனின் அவை எப்படி இருக்கும் என்று நம்பத் தோன்றியது பாருங்கள், அதுதான். அவர்களே அப்படி ஓர் அவையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நூல் 1154 ஜனவரியில் முடிந்தது. பிப்ரவரியில் ரோஜர் இறந்துபோனான். அரபு உலகம் அந்த நூலை இன்றும் ‘ரோஜரின் புத்தகம்’ என்றே அழைக்கிறது. பெயர் பொருத்தமானது என்பது என் கருத்து. பதினைந்து ஆண்டு ஒரே கேள்வியை விடாமல் துரத்தியவன் அந்த நூலுக்கு வெறும் செலவாளி இல்லை. இரண்டு நூற்றாண்டுக்குப் பின்னால் எழுதிய அரபு எழுத்தாளர் அஸ்ஸஃபதி, இத்ரீசி அவைக்கு வரும்போது ரோஜர் எழுந்து எதிர்கொண்டு தன் பக்கத்தில் உட்காரவைப்பான் என்கிறார். நீங்கள் கலீபாக்களின் குலத்தில் வந்தவர், முஸ்லிம் நாட்டில் இருந்தால் அங்குள்ள அரசர்கள் உங்களைக் கொல்லப் பார்ப்பார்கள், என்னிடம் இருந்தால் உயிருக்குப் பயமில்லை என்று ரோஜர் சொன்னதாகவும் எழுதுகிறார். காசைவிட இந்த அபயம்தான் இத்ரீசியைத் தங்கவைத்தது என்று படித்தபோது எனக்குப் பட்டது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு ரோஜரைப் புகழ்ந்தால் அது பொய்.

1147இல், மற்ற ஐரோப்பிய அரசர்கள் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், மார்தொரானாவைக் கட்டிய அதே ஜார்ஜ் கிரேக்கக் கரையில் கப்பல்களோடு இறங்கினார். தீப்ஸ், கொரிந்து இரண்டும் பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர்கள். கொள்ளையடித்த பொருளோடு பட்டு நெசவாளர்களையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பலெர்மோவுக்குக் கொண்டுவந்து அரண்மனைப் பட்டறையில் உட்காரவைத்தார்கள். சிசிலிக்குப் போனால் அந்த ஊர்க்காரர்கள் தறியில் உட்கார்ந்திருப்பதை இன்றும் பார்க்கலாம் என்று பைசாந்திய வரலாற்றாசிரியர் நிகேத்தாஸ் கோனியாத்தேஸ் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து மனம் நொந்து எழுதுகிறார். இத்ரீசிக்கு எழுந்து நின்று மரியாதை. தீப்ஸ் நெசவாளிக்குக் கைதியின் வாழ்வு. இரண்டும் ஒரே அரண்மனை, ஒரே அரசன். கலைப்பொருளைப் பார்த்து வியக்கும்போது அதைச் செய்த கை கூப்பிட்டு வந்ததா, இழுத்து வந்ததா என்று கேட்க வேண்டும் என்ற உங்கள் வாதத்தை முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

அபயமும் கடைசிவரை நிற்கவில்லை. ரோஜரின் தளபதிகளில் ஒருவர் மஹ்தியாவைச் சேர்ந்த ஃபிலிப். அரண்மனையில் வளர்ந்த அண்ணகர் (ஆண்மை நீக்கப்பட்டவர்), மதம் மாறியவர். 1153இல் வட ஆப்பிரிக்காவின் பூனா நகரத்தைப் பிடித்துக்கொடுத்தார். பிடித்த ஊரில் அறிஞர்களையும் பக்திமான்களையும் குடும்பத்தோடு வெளியேற அனுமதித்தார். திரும்பி வந்தபோது, இவர் உள்ளுக்குள் முஸ்லிம்தான் என்று குற்றம் சாட்டி, பலெர்மோவில் உயிரோடு எரித்தார்கள். ரோஜர் அப்போது நோயாளி, கடைசி மாதங்கள். அதனால் அவன் பொறுப்பு குறையாது. தீர்ப்பு அவன் அவையில்தான் நடந்தது. சிசிலி முஸ்லிம்கள் மேல் விழுந்த முதல் அடி இது என்று இப்னு அல் அஸீர் எழுதினார். அடுத்த அடி 1161இல். ரோஜரின் மகன் முதலாம் வில்லியத்துக்கு எதிராகப் பிரபுக்கள் கலகம் செய்து அரண்மனையைச் சூறையாடினார்கள். அரண்மனையிலும் கடைத்தெருவிலும் முஸ்லிம்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். இத்ரீசியின் வெள்ளி உலகம் காணாமல் போனதும் இந்தக் கலவரத்தில்தான் என்று கருதப்படுகிறது. உருக்கினால் வெள்ளி வெள்ளிதானே.

1184 டிசம்பரில் அந்தலூசியாவைச் சேர்ந்த பயணி இப்னு ஜுபைர் கப்பல் உடைந்து மெஸ்ஸினாவில் கரையேறினார். ஆட்சியில் இருந்தது ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம். அரண்மனையில் இன்னும் அரபு பேசினார்கள். பலெர்மோவில் கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போல முகத்திரை போட்டு, பொன்னிழைப் பட்டு உடுத்துத் தேவாலயத்துக்குப் போவதைப் பார்த்து அசந்துபோகிறார். ஆனால் அரண்மனைப் பணியாளர் ஒருவர், அப்துல் மஸீஹ் என்று பெயர், அவரைத் தனியாக அழைத்து, உங்களால் உங்கள் நம்பிக்கையை வெளியில் சொல்லிக்கொள்ள முடிகிறது, நாங்கள் மறைத்து வாழ்கிறோம் என்று மனம்விட்டுச் சொல்கிறார்.

கைவேலை செய்தவர்களின் பெயர் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு பெயர் இருக்கிறது, இப்னு ஜுபைரின் தயவால். யஹ்யா இப்னு ஃபித்யான், அரசன் உடைக்குத் தங்கச் சரிகை வேலை செய்கிறவர். அரண்மனைச் செய்தியொன்றை அவர் சொல்லக் கேட்டதாக எழுதும்போது போகிற போக்கில் பெயரையும் தொழிலையும் குறித்துவைத்திருக்கிறார்.

கவிஞர்களின் நிலையும் விசித்திரம். ரோஜரின் மாளிகைகளையும் ஏரி சூழ்ந்த ஃபவாரா தோட்டத்தையும் பாடிய அரபுக் கவிஞர்கள் இருந்தார்கள். அவர்கள் பாடல்களைப் பிற்பாடு தொகுத்தவர் சலாஹுத்தீனிடம் பணியாற்றிய இமாதுத்தீன் அல் இஸ்ஃபஹானி. இறைமறுப்பாளர்களைப் புகழும் வரிகளைப் பதிவுசெய்ய எனக்குச் சம்மதமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தோட்டத்தையும் தண்ணீரையும் பாடிய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அரசனைப் புகழ்ந்த பகுதியை வெட்டிவிட்டார். அரசன் எதற்காகக் காசு கொடுத்தானோ அது போய், கவிஞன் ஆசைப்பட்டுப் பாடியது தங்கியிருக்கிறது. உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் வில்லியம் 1189இல் வாரிசில்லாமல் இறந்ததும் மறுபடி வன்முறை. முஸ்லிம்கள் மேற்கு மலைகளுக்கு ஓடினார்கள். ரோஜரின் மகள் வயிற்றுப் பேரன் இரண்டாம் பிரெடெரிக், அறிவுக்கும் கலைக்கும் பேர்போன பேரரசன், 1220களிலிருந்து அவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்தெடுத்து இத்தாலிப் பெருநிலத்தில் லுச்சேரா என்ற ஊரில் குடியேற்றினான். 1300இல் அஞ்சூ வம்சத்து இரண்டாம் சார்லஸ் அந்த ஊரைக் கலைத்து அங்கிருந்தவர்களை அடிமைகளாக விற்றான். அப்படிக் கூரை வேய்ந்த தச்சர்களின் இனம் தீவில் இல்லாமல் போனது. 2015இல் யுனெஸ்கோ அந்தக் கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது ‘அரபு-நார்மன்’ என்று பெயர் வைத்தது. பெயரில் அரபு முன்னால் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆக, ரோஜரைப் புரவலன் என்று சொல்வதை நான் கைவிடப் போவதில்லை. இத்ரீசியோடு செலவிட்ட 15 ஆண்டுக்காக அந்தச் சொல் அவனுக்குத் தகும். பட்டறைக்காக அந்தச் சொல்லைக் கொடுக்க மாட்டேன். அங்கே அவன் பிறர் ஊரின் தொழிலைப் பறித்துவந்த எஜமான். அடுத்து எழுதும்போது தீப்ஸ் நெசவாளர்களையும் யஹ்யாவையும் ரோஜர் இருக்கும் அதே பத்தியில் சேர்த்தே எழுதுவேன். அதற்கு உங்கள் கடிதம்தான் காரணம்.

மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். அரசர்களைப் பற்றிய தடித்த புத்தகங்களுக்கு முன்னால் இத்ரீசியின் முன்னுரையைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன், ழோபேரின் மொழிபெயர்ப்பு 1836 முதல் 1840 வரை இரண்டு தொகுதிகளாக வந்தது. அதன் பிறகு இப்னு ஜுபைரின் பயண நூலில் சிசிலிப் பகுதி. இரண்டையும் முடித்துவிட்டு, பட்டறை விஷயத்தில் நான் சொன்னது போதுமா, இன்னும் கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டுமா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்